யார்கிட்டப் போவீங்க என்று கேட்கப் போனவள்

அடுத்தவர் மனசில் இருப்பதைக் கேட்டு வாங்குகிற வேலை, பல் பிடுங்குகிற வேலையைவிடப் பொல்லாதது. பல் டாக்டரிடம் ஆட்கள் தாங்களாகவே வந்து வாயைத் திறப்பார்கள். இங்கே நாம் போய் எதிரில் நின்றதும் திறந்திருந்த வாயும் மூடிக்கொள்ளும். ஜனத்தொகைக் கணக்கெடுக்கப் போனவர்கள், ரேஷன் கார்டு சரிபார்க்கப் போனவர்கள், பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கப் போனவர்கள் எல்லாருக்கும் நான் படுகிற பாடு புரியும். கதவைத் தட்டிவிட்டு நிற்கிறபோது நெஞ்சு படபடவென்று அடிக்குமே, அதேதான்.

நான் படித்தது நாலாங்கிளாஸ். ஒரு நூல் மில்லில், நூலைச் சிட்டமாகச் சுற்றுகிற ரீலிங்கில் நின்றேன். மில்லைப் பூட்டிவிட்டார்கள். அப்புறம் பீளமேட்டில் ஒரு காலேஜில், மனோதத்துவப் பிரிவில், டெம்பரவரி அட்டெண்டர். தொண்ணூறுகளில் அங்கே வசந்தி மேடம் ஓர் ஆராய்ச்சி செய்தார். ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவர்கள் ஒரு கூட்டமாக எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள், மேலிடம் போட்ட மேஸ்திரி ஒருத்தராக இருக்க ஆட்கள் மனசுக்குள் வைத்திருக்கிற தலைவர் இன்னொருத்தராக ஆவது ஏன், இதுதான் விஷயம். மில் பாஷை தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மேஜை துடைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தவளுக்கு அன்றைக்குப் பிடித்தது பயம்.

கேட்டில்

மில் பல்லடம் ரோட்டில் இருந்தது. பேர் வேண்டாம். காகிதக் கூம்பில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் முழுக்கப் பெண்கள். அந்தச் சமயம் கோயமுத்தூரில் மில்லு மில்லாகக் கணக்கு முடித்து ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த நேரத்தில் காலேஜில் இருந்து இரண்டு பொம்பளைகள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு காரில் போய் இறங்கினால் எப்படி இருக்கும்? எங்களைப் பார்த்ததும் கேட் பக்கம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பெண்கள் சொம்பை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

வாட்ச்மேன் வயசானவர். மேடம் நீட்டிய அனுமதிக் கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. என்னைச் சற்றுத் தள்ளிக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஏனுங்கம்மா, நீங்க கேக்கற கேள்விக்குத் தப்பாச் சொன்னா ஊட்டுக்கு அனுப்பிருவாங்கன்னு மில்லு முச்சூடும் பேச்சுங்க. சரியாச் சொன்னாலும் அனுப்பிருவாங்களாமா. நான் வெறும் வாட்ச்மேன், என்னைக் கேக்கமாட்டீங்கல்ல?"

எல்லாருக்கும் ஒரே பதில்

மேடம் நிறையக் கேள்வி வைத்திருந்தார். அதில் ஒன்றுதான் உயிர்க்கேள்வி: "வேலையில ஒரு கஷ்டம்னா நீங்க முதல்ல யார்கிட்டப் போவீங்க?" ஒருத்தர் ஒருத்தராகக் கேன்டீனுக்குக் கூப்பிட்டுக் கேட்டோம். முதலில் வந்தவள் மேடத்தின் கையில் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாரியம்மன்கிட்டங்க" என்றாள். அடுத்தவளும் மாரியம்மன். அதற்கடுத்தவளும் மாரியம்மன். வெளியே போகிறவள் உள்ளே வருகிறவளிடம் உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டுப் போகிறாள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. மேடம் பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். இனிமேல் பேர் எதையும் எழுதுவதில்லை, பேர் வேண்டியதே இல்லை, நாம் தெரிந்துகொள்வது இந்த மேஜையைத் தாண்டாது என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னார். நானும் கூடவே சொன்னேன். அந்தச் சொல்லுக்கு நானும் ஜாமீன் நின்ற மாதிரி ஆகிவிட்டது.

கடைசியில் வந்தவள் ஜமீலா. கோட்டைமேட்டில் பிறந்து பல்லடம் பக்கம் வாக்கப்பட்டவள், கலகலவென்று பேசுகிறவள். கேள்வியைக் கேட்டதும் அவளும் "மாரியம்மன்" என்றாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜமீலாவுக்கு வரவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாருஞ் சொன்னதையே எனக்கும் போட்டுக்குங்கக்கா. நான் மட்டும் எதுக்குங்க தனியாத் தெரியோணும்?"

சத்தத்துக்குள் ஜாடை

மில் வேலை செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மிஷின் ஓடுகிறபோது பக்கத்தில் நிற்கிறவள் கத்தினாலும் காதில் விழாது. அதனால் மில்லுக்குள் கையும் கண்ணும்தான் பேசும். டீ என்றால் கட்டை விரல் வாய்க்குப் போகும். மேஸ்திரி வருகிறார் என்றால் இல்லாத மீசையை முறுக்குவார்கள். லேபர் ஆபீசர் என்றால் கண்ணைச் சுற்றி விரலால் வட்டம், அவர் கண்ணாடி போட்டவர். ஹாலின் கோடியில் கண்ணாடி ரூமில் உட்கார்ந்து அவர் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பார். கை ஆடுவது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

மேடத்தோடு நான் உள்ளே நடந்தபோது ஒருத்தி காதைத் தொட்டு, வாயைத் தொட்டு, கண்ணாடி ரூமைக் காட்டினாள். இங்கே கேட்டு அங்கே சொல்கிறவள் என்று அர்த்தம். என்னைத்தான். எனக்குச் சுருக்கென்றது. நின்று, நெஞ்சைத் தொட்டு, நூலை முடிச்சுப் போடுகிற மாதிரி விரலை உருட்டி, தலையை ஆட்டினேன்: நானும் மில்லுக்காரிதான், அப்படிப்பட்டவள் இல்லை. சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். வரிசை முழுக்கக் கைகள் சட்டென்று கீழே இறங்கிவிட்டன. ஷிப்ட் முடிந்து குழாயடியில் கை கழுவும்போது அந்தப் பெண்தான் சொன்னாள்: "ஜாடை தெரியாத ஆளுன்னா பரவால்லீங்க. உங்களுக்குத் தெரியுமுன்னா இனி நாங்க ஊமையாட்டம் பேசிக்கறதுக்கும் வழியில்லீங்களே."

லைட் எரிந்துகொண்டிருந்தபோது

அன்றைக்கு மேடம் காரில் கிளம்பிவிட, பல்லடத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக நான் பஸ் ஏறினேன். அவ்வளவு பயம் எதற்கு என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது. ஜமீலா என் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள். நாங்கள் போவதற்குச் சில மாசம் முன்னால், செல்வி என்று பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்தி மிஷினுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ஷிப்ட் முடியட்டும், அப்புறம் வண்டி எடுக்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹாலில் இருந்த அத்தனை மிஷினும் ஒரே மூச்சில் நின்றுபோனது. மேஸ்திரிக்கே தன் மூச்சுச் சத்தம் கேட்டதாம். கண்ணாடி ரூமில் இருந்து ஆபீசர் ஓடி வந்தார், வண்டி வந்தது, செல்வியும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அன்றிலிருந்து ஆபீசருக்குத் தூக்கம் இல்லை. சங்கம் கிடையாது, நோட்டீஸ் கிடையாது, யார் சொல்லி நின்றது? ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கேட்டாராம். அந்த ஆளைக் கண்டுபிடித்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புவது என்று வைத்திருக்கிறார். எங்களை உள்ளே விட்டதும் அதற்குத்தான். "நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க ஜமீலா?" என்று கேட்டேன். பல்லடம் வந்தது. இறங்கும்போது சொன்னாள்: "லைட்டெல்லாம் எரிஞ்சுட்டுத்தானுங்க இருந்துச்சு. ஆனா எங்களுக்கெல்லாம் கரண்டு போனாப்பலயே இருந்துச்சுங்கன்னு சொன்னோம்."

கோன் கோபுரம்

மேடத்திடம் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு கூட்டத்திடம் காலிக் கோன்களையும் கொஞ்சம் நூலையும் கொடுத்து, எவ்வளவு உயரம் அடுக்க முடியுமோ அடுக்குங்கள் என்று விட்டுவிட வேண்டும். நாம் கோபுரத்தைப் பார்க்கக் கூடாது, ஆட்களைப் பார்க்க வேண்டும். அனுமதி வாங்கப் போன அன்றே ஆபீசர் கேட்டதற்கு மேடம் வெள்ளை மனசோடு சொல்லி வைத்திருந்தார், "இதில் யார் முன்னால் நிற்கிறார்கள் என்று தானாகத் தெரிந்துவிடும்" என்று.

கேன்டீனில் கதவைச் சாத்திக்கொண்டு, நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்து முதல் தடவை செய்தோம். பெண்களும் கொஞ்சம் பயம் தெளிந்து, "ஏய், சாயுது பாரு", "உன்ற புருசனாட்டவே நிக்குது கோணலா" என்று சிரித்துக்கொண்டு அடுக்கினார்கள். எனக்குத்தான் சிரிப்பு அடங்கிப்போனது. ஒவ்வொருத்தியும் கோனை வைப்பதற்கு முன்னால் கண்ணைத் தூக்கி ஒரே இடத்தைப் பார்த்தாள். அங்கே ருக்மணி நின்றிருந்தாள். ஒல்லியான பொம்பளை, யாரோடும் அதிகம் பேசாதவள், புருஷன் வேலை செய்த மில் பூட்டிப்போய் அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அவள் கண்ணைச் சிமிட்டினால் கோன் இறங்கும், சிமிட்டாவிட்டால் கை நின்றுவிடும். பார்ப்பது அவர்களுக்கும் தெரியாது, சிமிட்டுவது அவளுக்கும் தெரியாது. சத்தத்துக்குள் பழகின பழக்கம், சத்தம் இல்லாத இடத்திலும் கூடவே வந்துவிட்டது. செல்வி விழுந்த அன்றைக்கும் இந்தக் கண்ணைப் பார்த்துத்தான் மிஷின் நின்றிருக்கும்.

மேடம் முகம் முதலில் மலர்ந்தது. இவ்வளவு நாள் தேடியதைக் கண்ணால் கண்டுவிட்டாரே. அப்புறம், பஸ்ஸில் ஜமீலா சொன்னதை நான் சொல்லியிருந்தேனே, கதவைத் திரும்பிப் பார்த்தார், சாத்தித்தான் இருந்தது. பெண்கள் போன பிறகு என் கையைப் பிடித்தார். "ரோசம்மா, நாம இப்பப் பார்த்ததை இனிமே எப்படிப் பார்க்காம இருக்கறது?"

காபி

ஆபீசர் என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். மேடம் படித்தவர், எதிர்க்கேள்வி கேட்பார். அட்டெண்டர் பொம்பளை கேட்கமாட்டாள் என்று கணக்கு. கத்துகிறவராக இருந்தால் எனக்குப் பாதிப் பயம்தான். இவர் எழுந்து நின்று "வாங்க அம்மணி" என்றார். நாற்காலியைக் காட்டினார். சாஸரில் வைத்துக் காபி வந்தது. என் பிறந்த ஊர் எது என்று கேட்டார், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார், நான் முன்னே நின்ற மில்லின் பேரை அவரே சொன்னார். அங்கே நடந்த ஸ்டிரைக்கையும் சொன்னார். அத்தனையும் விசாரித்து வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"ஒரே ஒரு பேரு. அந்தப் புள்ளைக்குக் கெடுதல் எதும் பண்ணமாட்டமுங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாதுங்க என்றேன். கப்பைத் தூக்கினால் சாஸரில் தாளம் போடும் என்று தூக்கவே இல்லை. வருத்தப்பட்டவர் மாதிரித் தலையை ஆட்டினார். அடுத்த நாள் கோன் அடுக்கும்போது தானே வந்து உட்காரப்போவதாகச் சொன்னார். அப்புறம் சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "காலேஜ்ல நீங்க டெம்பரவரிங்களாமா? நல்ல காலேஜுங்க. நம்ம முதலாளிதானுங்க கமிட்டில இருக்கறாரு. காபி ஆறுது பாருங்க, குடிங்க அம்மணி."

கண்ணைக் கட்ட முடியுமா

மேடம் அன்றே பிரின்சிபாலிடம் போய்க் கேட்டார், நாளைக்கு வேண்டாம் என்று. மில் முதலாளியே அனுமதித்த பிறகு எப்படி வேண்டாம் என்பது என்று அவர் கையை விரித்துவிட்டார். அப்படியானால் நாளைக்கு அத்தனை கண்ணும் ருக்மணியைப் பார்க்கும், ஆபீசர் கண் அதையெல்லாம் பார்க்கும். யாரும் வாயைத் திறக்காமலே அவள் வேலை போய்விடும்.

ஷிப்ட் விடுவதற்குள் நான் திரும்ப மில்லுக்குப் போய், வைண்டிங் ஹாலுக்குள் நுழைந்தேன். அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாலே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகும். இரண்டு வரிசை தள்ளி நின்று, தலைமுடியைச் சரிசெய்கிறவள் மாதிரிக் கையைத் தூக்கினேன். விரலைக் கண்ணருகே கொண்டுபோய், அவள் பக்கம் காட்டி, உள்ளங்கையை ஆட்டினேன்: உன்னைப் பார்க்கக் கூடாது. கண்ணைச் சுற்றி வட்டம் போட்டேன்: அவர் வருகிறார். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி ரூம். ருக்மணி அறுந்த நூலை முடிந்துவிட்டு அடுத்த நூலுக்குப் போனாள். தலையாட்டவில்லை, திரும்பவும் இல்லை. புரிந்ததா என்று தெரியவில்லை. வெளியே ஜமீலா என்னை உரசிக்கொண்டு நடந்தவள் நிற்காமலே சொன்னாள்: "புரிஞ்சுதுங்கக்கா. ஆனா கையிக்குப் பழகுனது கண்ணுக்கும் பழகிப்போச்சே. வாயைக் கட்டலாம், கண்ணைக் கட்ட முடியுங்களா?"

அடுத்த நாள்

கேன்டீனில் ஆபீசருக்கு மட்டும் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி. மேஸ்திரி பின்னால் நின்றார். மேடம் விளையாட்டைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது. நான் சுவரோரம் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் கோனை ஜமீலா கையில் எடுத்தாள். எடுத்தவள் வைக்கவில்லை. நான் மனசுக்குள் ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தேன், பார்க்காதே, பார்க்காதே என்று. ஜமீலா கண்ணைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள்.

அவள் மட்டும் இல்லை. ஒவ்வொருத்தியும் என்னைத்தான் பார்த்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சீக்கிரம் வைத்துத் தொலைங்களேன் என்று தலையை ஆட்டினேன், கோன் இறங்கியது. அடுத்தவள் பார்த்தாள், ஆட்டினேன், இறங்கியது. ஆட்டாமல் நின்று பார்த்தேன், கோன் அந்தரத்திலேயே நின்றது. வேறு வழியில்லாமல் பூம்பூம் மாடு மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தேன். வேர்வை கழுத்தில் இறங்கி ரவிக்கைக்குள் போனது. ருக்மணியும் தன் முறைக்கு என்னைப் பார்த்தாள், சின்னப் பிள்ளை டீச்சரைப் பார்க்கிற மாதிரி. கோபுரம் மேடத்தின் தலையைத் தாண்டி வளர்ந்தது.

ஆபீசர் ஒவ்வொரு கண்ணாகப் பின்தொடர்ந்து வந்து என் முகத்தில் நின்றார். அந்த மிஷின்கள் நின்ற அன்றைக்கு நான் அந்த மில்லின் கேட்டைக்கூடப் பார்த்தவள் இல்லை. அவர் அதை யோசிக்கவில்லை. ஸ்டிரைக் நடந்த மில்லில் நின்றவள், ஜாடை தெரிந்தவள், கேட்டும் பேர் சொல்லாதவள். அவருக்கு எல்லாம் கூடி வந்துவிட்டது. என்னையும் மேடத்தையும் கேட் வரைக்கும் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். அப்போதும் மரியாதை குறையவில்லை: "இத்தனை நாளா ஊட்டுக்குள்ளயே தேடிட்டிருந்தமுங்க அம்மணி. வெளிய இருந்து ஆளு வெச்சு நடத்தறாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்லீங்க."

சிங்காநல்லூரில்

அதோடு அந்த மில்லில் ஆராய்ச்சி நின்றது. மேடம் எனக்காகப் பிரின்சிபாலிடம் வாதாடினார். அதில் பாதிதான் பலித்தது. என்னை டிபார்ட்மென்டில் இருந்து எடுத்து ஹாஸ்டல் மெஸ்ஸில் காய் நறுக்கப் போட்டார்கள். ஆபீஸில் இருந்து யார் வந்தாலும், நாளையில் இருந்து வரவேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று அரிவாள்மணையை ஒதுக்கிவிட்டு எழுந்து நிற்பேன். அப்படி ஒரு நாள் சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் ருக்மணியைப் பார்த்தேன். மில்லில்தான் இருக்கிறாளாம். ஆபீசர் உள்ளே தேடுவதை விட்டுவிட்டாராம். இப்போது கேட்டுக்கு வெளியே டீ குடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

"என்னை எதுக்குப் பார்த்தீங்க எல்லாரும்?" என்று கேட்டேன். அதற்கு அவள் பேசியது மாதிரி அவ்வளவு பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை. "ராவோட ராவா ஒருத்தருக்கொருத்தர் சொல்லி வெச்சமுங்க. கண்ணு எங்காச்சும் போயித்தான் தீரும். எங்கள்ல யாரு மேல போனாலும் அவளுக்கு வேலை போயிரும். மேடத்தைப் பார்த்தா ஆபீசர் நம்பமாட்டாரு. நீங்க காலேஜ் ஆளு, கார்ல வாறீங்க, அட்டை மாட்டியிருக்கறீங்க. உங்களை அவரால என்ன பண்ண முடியும்?" என்றாள். நான் டெம்பரவரி என்பதையும், காய் நறுக்குவதையும், அதுவும் எத்தனை நாளைக்கு என்று தெரியாததையும் சொன்னேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லடம் பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. "ஐயோ அக்கா, நீங்க பர்மனென்ட்டுன்னில்லீங்களா எல்லாருஞ்சேந்து முடிவு பண்ணிப்போட்டோம்!"

ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று யாராவது படித்தவர்கள் என்னைக் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: ரொம்ப ஒற்றுமையாக, ரொம்ப யோசித்து, பக்கத்தில் நிற்கிறவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் எடுக்கிறார்கள்.